பனியாற்றுக் குழிகளில் வாழும் நுண்ணுயிர்களை அவற்றின் குளிர் கெடாமல் படமாக்குவது எப்படி?

கேள்வி: வடமுனை

அனைவருக்கும் வணக்கம். நோர்வேயின் ட்ரோம்சோ நகரிலிருந்து இயங்கும் ஒரு சிறிய ஆவணப்படக் குழுவில் இயக்குநராகப் பணிபுரிகிறேன். வரும் ஜூலையில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள நீ-ஓலசுண்ட் ஆய்வுக் குடியிருப்பில் தங்கி, அருகிலுள்ள மிட்ரே லோவன்பிரேன் பனியாற்றின் மேற்பரப்பில் காணப்படும் கிரையோகோனைட் குழிகளின் உயிர்களைப் படமாக்கவிருக்கிறோம்.

இக்குழிகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில வரிகள். காற்றோடு வந்து பனியின் மேல் படியும் தூசி கருமையாக இருப்பதால் வெயிலை அதிகம் உறிஞ்சுகிறது. அந்த வெப்பம் தனக்குக் கீழிருக்கும் பனியை உருக்க, தூசி மெல்லக் கீழிறங்கி, உருளை போன்ற ஒரு குழியை உண்டாக்குகிறது. குழியின் அடியில் கரிய வண்டலும் அதன் மேல் கண்ணாடி போன்று தெளிந்த நீரும் நிற்கும். 1870இல் கிரீன்லாந்தில் இந்த வண்டலைக் கண்டு அதற்குப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆய்வுப் பயணி நூர்டென்ஷேல்ட். ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களான இழை வடிவச் சயனோபாக்டீரியாக்கள் அத்தூசியைப் பின்னிச் சிறு மணிகளாக உருட்டி வைக்கின்றன. அம்மணிகளை மேய்ந்துகொண்டு ரோட்டிஃபர்கள் என்னும் நுண்ணிய நீர்வாழ் விலங்குகளும், நீர்க்கரடிகள் என்னும் எட்டுக்கால் நுண்விலங்குகளும் வாழ்கின்றன. நீரின் வெப்பநிலை கோடை முழுவதும் பூச்சியம் டிகிரியை ஒட்டியே இருக்கும்.

என் கவலை இதுதான். துருவ நுண்ணுயிர்களைப் பற்றிய காட்சிகளில் பெரும்பாலானவை வெதுவெதுப்பான அறையில், சாதாரண நுண்ணோக்கியின் கீழ் எடுக்கப்படுகின்றன. அப்படி எடுக்கும்போது நாம் பார்ப்பது, குளிரில் வாழும் ஓர் உயிர் திடீரென்று சூடாக்கப்பட்டால் என்ன செய்யும் என்பதைத்தான். பனியாற்றில் அது நடத்தும் வாழ்க்கையை நாம் பார்ப்பதில்லை. மாதிரியின் குளிரைக் கடைசிவரை காப்பதற்கு, பெரும் ஆய்வக வசதி இல்லாத ஒரு குழுவுக்கு எட்டக்கூடிய வழி எது? அடுத்ததாக, ஒரு நீர்க்கரடியின் காட்சியை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு, அது பனியாற்றிலிருந்து வந்ததா, வீட்டுக் கூரையின் பாசியிலிருந்து வந்ததா என்று தெரிய வழியில்லை. இடத்தையும் உயிரையும் ஒரே காட்சித் தொடரில் நேர்மையாக இணைப்பதற்கு என்ன செய்யலாம்? மெதுவான அசைவுகளை டைம்லாப்ஸ் முறையில் வேகமாக்கிக் காட்டுவது ஏற்கத்தக்கதா என்பதிலும் குழுவுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: குளிரறை

வணக்கம். குளிர்வாழ் பாசிகளை நுண்ணோக்கியில் பார்ப்பதே என் அன்றாட வேலை என்பதால், முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடையளிக்கிறேன்.

ஸ்லைடுக்கும் அதை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்புக்கும் இடையில் நாம் வைக்கும் நீர் ஒரு சிறு துளிதான். இருபது டிகிரி அறையில் அத்துளி ஓரிரு நிமிடங்களுக்குள் அறையின் வெப்பநிலையை எட்டிவிடும். ஆகவே மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் எவ்வளவு கவனமாகக் கொண்டுவந்தாலும், ஸ்லைடை மேடையில் வைத்த கணத்திலிருந்து அந்தக் கவனம் பயனற்றுப் போகிறது. ஆய்வகங்களில் இதற்குப் பெல்டியர் குளிர்மேடை (மின்சாரத்தால் குளிரூட்டப்படும் ஸ்லைடு மேடை) பயன்படுத்துகிறோம். ஆனால் அறை சூடாகவும் மேடை குளிராகவும் இருந்தால், காற்றிலுள்ள ஈரம் கவர் ஸ்லிப்பின் மேலும் பொருளருகு லென்ஸின் முகப்பிலும் பனித்துளியாகப் படிந்து காட்சியை மறைத்துவிடும். அதைத் தடுக்க மேடையைச் சுற்றி ஒரு கூண்டு அமைத்து உலர்ந்த நைட்ரஜனை ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். எண்ணெய் வைத்துப் பார்க்கும் உயர் உருப்பெருக்க லென்ஸைத் தொட்டால் இன்னொரு சிக்கலும் சேரும்: அந்தக் கனத்த உலோகக் குழாய் அறையின் சூட்டை எண்ணெய் வழியாக நேரே மாதிரிக்குள் கடத்துகிறது. எண்ணெயே குளிரில் கெட்டியாகிக் குமிழி கட்டுவதும் உண்டு.

இவ்வளவு பாடும் மாதிரியை மட்டும் குளிரவைத்துச் சுற்றியுள்ள யாவற்றையும் சூடாக விட்டுவைப்பதால் வருவது. உங்கள் இடத்தில் இதற்கு எளிய விடை இருக்கிறது. நீ-ஓலசுண்டில் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ ஐந்து டிகிரிதான். சூடேற்றப்படாத ஒரு கொட்டகையையோ கிடங்கின் ஒரு மூலையையோ கேட்டுப் பெற்று, நுண்ணோக்கி, கேமரா, ஸ்லைடு, துளிசொட்டி, வடிகட்டிய குழிநீர் என எல்லாவற்றையும் முந்தைய இரவே அங்கே வைத்துவிடுங்கள். எல்லாப் பொருள்களும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் பனித்துளி படிவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும். எஞ்சிய நான்கைந்து டிகிரி வேறுபாட்டை, ஸ்லைடுக்கு அடியில் வைக்கும் எளிய குளிர்மேடை சமாளித்துவிடும். கைகள் விறைக்கும், ஃபோகஸ் குமிழின் கிரீஸ் சற்று இறுகும், மூச்சுக்காற்று கண்ணருகு லென்ஸில் படியும். எனவே கண்ணால் குனிந்து பார்ப்பதைத் தவிர்த்து, கேமராவின் காட்சியைத் திரையில் பார்த்தே இயக்குவது நல்லது.

அடுத்தது ஒளி. ஹாலஜன் விளக்கு வேண்டவே வேண்டாம். அகச்சிவப்புக் கதிர் குறைவாக உள்ள எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்துங்கள். அதோடு பிரச்சினை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கிரையோகோனைட்டுக்கு அது பொருந்தாது. அந்த மணிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சிச் சூடாவதால்தான் பனியில் குழியே பிறக்கிறது. அதே மணிகள் உங்கள் விளக்கின் கீழும் அதையேதான் செய்யும். மேடையின் வெப்பமானி பூச்சியம் காட்டும்போதே, மணியை ஒட்டியிருக்கும் நீர் அதைவிடச் சூடாக இருக்கக்கூடும். எனவே பதிவு செய்யும் நேரத்தில் மட்டும் ஒளியைத் திறந்து, மற்ற நேரத்தில் மூடிவையுங்கள். உயிரைத் தேடும்போது மிக மங்கலான ஒளியே போதும்.

நீர்க்கரடியைப் பற்றி ஒரு செய்தி. வெறும் கண்ணாடியில் விட்டால் அதன் நகங்களுக்குப் பிடி கிடைக்காது. எட்டுக் கால்களும் காற்றைத் துழாவுவது போல அசையுமே தவிர, உடல் ஓர் அடிகூட நகராது. பார்ப்பவர்கள் அதை வேடிக்கையாகக் கருதினாலும், உண்மையில் அது தவிப்புதான். மணியில் ஒரு சிறு துண்டை, நாலைந்து இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும்படி பிய்த்து, அருகில் வையுங்கள். ஏதாவது ஒரு கால் இழையைத் தொட்டுப் பற்றியதும், உடலை இழுத்து ஏறி, இழைகளுக்கிடையே தலையை நுழைத்து மேயத் தொடங்கிவிடும். கவர் ஸ்லிப் அதை நசுக்காதிருக்க, நான்கு மூலைகளிலும் பெட்ரோலியம் ஜெல்லியைப் புள்ளியாக வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். குளிரில் ஜெல்லி இறுகிவிடும் என்பதால் புள்ளி வைக்கும் வேலையை உள்ளறையிலேயே முடித்துக்கொள்ளலாம்.


மறுமொழி: நிழற்பெட்டி

இயற்கை வரலாற்றுப் படங்களில் ஒளிப்பதிவு செய்து வருகிறேன். குளிரறை அவர்கள் கூறியவை அனைத்தும் பின்பற்றத்தக்கவை. கேமராவின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஈரம் படிவது உபகரணத்துக்கும் பெரும்பகை. குளிரிலிருந்து சூடான அறைக்குள் கேமராவைக் கொண்டுவருவதற்கு முன், வெளியிலேயே அதைக் காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு இட்டு மூடி, உள்ளே வந்து சில மணி நேரம் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். 1910இல் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் சென்ற ஒளிப்படக் கலைஞர் ஹெர்பர்ட் பாண்டிங்கும் இதே ஈரத்தோடுதான் போராடினார். கேமராவின் உலோகப் பகுதியில் நாக்கு பட்டு ஒட்டிக்கொண்ட துன்பத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார். லித்தியம் பேட்டரிகள் குளிரில் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால், மாற்றுப் பேட்டரிகளை மேலங்கியின் உட்பையில் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டிஃபரைப் பற்றி முக்கியமான ஒன்று. அதன் தலையில் மயிரிழை போன்ற நுண்ணிழைகள் வட்டமாக நின்று, அலை அலையாக ஒன்றன்பின் ஒன்று அடிக்கும்போது, இரண்டு சக்கரங்கள் சுழல்வது போன்ற தோற்றம் உண்டாகிறது. நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) என்ற வழக்கமான வேகத்தில் பதிவு செய்தால், நுண்ணிழை அடிக்கும் வேகமும் சட்டக வேகமும் ஒன்றோடொன்று மோதி, சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகவோ நின்றுவிட்டதாகவோ பொய்யாகத் தெரியும். ஆகவே நொடிக்கு நூறு சட்டகங்களுக்குக் குறையாமல், ஷட்டர் நேரத்தையும் மிகச் சுருக்கி எடுங்கள். மலிவான எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டிருக்கும். வேகப் பதிவில் அத்துடிப்பு பட்டை பட்டையாகத் தெரியும் என்பதால் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் விளக்கே தேவை. குளிர் காக்கப்பட்டால் நுண்ணிழைகளும் மெதுவாகவே அடிக்கும் என்பது உங்களுக்குச் சாதகம்.

குவியத்தின் ஆழம் எவ்வளவு குறைவு என்பதையும் படக்குழு முழுவதும் புரிந்துகொள்ள வேண்டும். துளை எண் (லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை ஏற்கிறது என்பதன் அளவு) 0.5 உள்ள லென்ஸில் ஏறத்தாழ இரண்டு மைக்ரோமீட்டர் தடிமன் மட்டுமே கூர்மையாகத் தெரியும். நீர்க்கரடியின் உடலோ அதைப் போல் பல பத்து மடங்கு தடிமனானது. துளை எண் 0.25 உள்ள பத்து மடங்கு லென்ஸில் அந்த ஆழம் எட்டொன்பது மைக்ரோமீட்டராகக் கூடும். முழு உயிரின் நடையைக் காட்டக் குறைந்த உருப்பெருக்கமே சிறந்தது. நகத்தையோ வாயையோ காட்டும்போது மட்டும் உயர்ந்ததற்குச் செல்லுங்கள். இருட்புல ஒளியமைப்பில் உடல் ஒளிர்ந்து பின்னணி கறுப்பாக நிற்கும். அழகாகவும் இருக்கும், ஆனால் அதற்கு ஒளி அதிகம் வேண்டும் என்பதால் குளிரறை அவர்கள் சொன்ன எச்சரிக்கை அங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

இரண்டாவது கேள்வியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பனியாற்றின் மேல் வானிலிருந்து தொடங்கிக் கணினி உருவாக்கிய பாய்ச்சலில் ஒரே மூச்சாக நீர்க்கரடிவரை செல்லும் காட்சியை எல்லோரும் விரும்புகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மனிதன் நின்று பார்க்கும் உயரத்திலிருந்து பனியின் மேற்பரப்பு. முழங்காலிட்டுப் பார்க்கும் உயரத்திலிருந்து குழிகள். மெல்லிய குழல் லென்ஸைக் குழிநீருக்குள் இறக்கிப் பார்க்கும் கரிய மணிகள். துளிசொட்டி அவற்றில் ஒன்றை உறிஞ்சுவது. அதே மணி ஸ்லைடில் விழுவது. பிறகு அதே மணியின் இழைகளுக்கிடையே அசையும் உயிர். இப்படி ஒவ்வொரு படியையும் உண்மையாகவே எடுத்து, ஒரே மணியைத் தொடர்ந்து காட்டினால், பார்ப்பவர் தாமாகவே இடத்தை உயிரோடு இணைத்துக்கொள்வார். படியொன்று விடுபட்டாலும் அந்த நம்பிக்கை அறுந்துவிடும். நள்ளிரவுச் சூரியன் ஆகஸ்டின் மூன்றாம் வாரம் கடந்தும் மறையாது என்பதால் பனியாற்றின் மேல் ஒளிக்கு நேர நெருக்கடி இருக்காது. தாழ்ந்த சூரியன் உள்ள இரவு நேரங்களில் குழியின் சுவர்கள் நீலமாகத் தெளிந்து தெரியும்.


மறுமொழி: கடற்பனி

உங்கள் களம் பனியாறு என்றாலும், கடற்பனியில் நடந்துள்ள பணிகள் உங்களுக்கு உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன். கடல்நீர் உறையும்போது உப்பைப் பனிப்படிகம் ஏற்காததால், அது செறிந்த உப்புநீராகப் படிகங்களுக்கிடையே நுண்ணிய கால்வாய்களில் தேங்குகிறது. மைனஸ் பத்து டிகிரியில் அந்த நீர் கடல்நீரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு உப்பாக இருக்கும். அதற்குள் டயாட்டம்கள் எனப்படும், கண்ணாடி போன்ற ஓடுள்ள ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன.

2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோல்வெல்லியா என்னும் பாக்டீரியா மைனஸ் பத்து டிகிரியிலும் நீந்துவதை நுண்ணோக்கியில் கண்டு பதிவு செய்தார்கள். 2025இல் ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ் ஆய்வுக்குழு, சுக்சி கடலின் பனியிலிருந்து எடுத்த டயாட்டம்கள் மைனஸ் 15 டிகிரியிலும் பனியின் மேல் வழுக்கி நகர்வதைக் காட்டியது. உட்கரு உள்ள உயிரணு ஒன்றில் இதுவரை பதிவான மிகக் குளிர்ந்த அசைவு அது. இந்த மனு பிரகாஷ்தான் காகிதத்தை மடித்துச் செய்யும் மலிவு விலை நுண்ணோக்கியை உருவாக்கியவர் என்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். அக்குழு உறைநிலைக்குக் கீழே இயங்கும் நுண்ணோக்கியைத் தாமே வடிவமைத்துக்கொண்டது என்பதை உங்கள் தயாரிப்பாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். குளிரைக் காத்ததனால்தான் அக்கண்டுபிடிப்பே சாத்தியமாயிற்று. சூடான மேடையில் பார்த்திருந்தால் பனியும் இருந்திருக்காது, பனியின் மேல் வழுக்கும் டயாட்டமும் இருந்திருக்காது.

இன்னொரு பாடமும் உண்டு. கடற்பனித் துண்டை அப்படியே உருக்கினால், செறிந்த உப்புநீரில் வாழ்ந்த உயிரணுக்கள் திடீரென்று நன்னீருக்கு நிகரான நீரில் சிக்கி, ஊதி வெடித்துவிடும். எனவே வடிகட்டிய கடல்நீரைச் சேர்த்து, இருட்டில், மெதுவாக உருக்குவது வழக்கம். கிரையோகோனைட் நன்னீர் என்பதால் இந்த ஆபத்து உங்களுக்கு இல்லை. ஆயினும் குழாய்நீரையோ வடிநீரையோ சேர்க்காமல், அதே குழியின் நீரை வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.


மறுமொழி: வடமுனை

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. சூடேற்றாத கொட்டகை என்ற யோசனையையும், ஒரே மணியைத் தொடர்வது என்ற யோசனையையும் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். தொடர்பாக இரண்டு கேள்விகள். எங்கள் தயாரிப்பாளர், நீர்க்கரடியின் முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த வண்ணப் படங்களை இடையிடையே சேர்க்க விரும்புகிறார். அது சரியா? டைம்லாப்ஸ் பற்றிய கருத்துகளையும் எதிர்பார்க்கிறேன்.


மறுமொழி: குளிரறை

மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் நாம் காண்பது இறந்த உடலை. உயிரை வேதிப்பொருளால் நிலைப்படுத்தி, உலர்த்தி, மெல்லிய உலோகப் பூச்சிட்டு, வெற்றிடத்தில் வைத்து எடுக்கிறார்கள். அதில் நிறம் என்பதே கிடையாது. பழுப்பும் பச்சையும் பின்னர் கணினியில் தீட்டப்படுபவை. நகத்தின் வடிவத்தை அறிய அப்படங்களுக்கு ஈடில்லை. என் பணியிலும் அவற்றை நம்பியிருக்கிறேன். ஆனால் உயிருள்ள காட்சிக்கு நடுவே விளக்கமின்றி அவற்றை ஒட்டினால், பார்ப்பவர் அந்தக் கறுத்த பனியாற்று உயிரை இளஞ்சிவப்புப் பொம்மையாக நினைவில் வைத்துக்கொள்வார். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் கறுப்பு-வெள்ளையிலேயே விட்டு, அது எப்படி எடுக்கப்பட்டது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

நிறம் வேண்டுமென்றால் இயற்கையே தருகிறது. நீல ஒளியைப் பாய்ச்சிச் சிவப்பை மட்டும் கடத்தும் வடிகட்டி வழியே பார்த்தால், சாயம் எதுவும் இல்லாமலேயே பாசிகளின் பச்சையம் அடர் சிவப்பாக ஒளிரும். கரிய மணி என்று நீங்கள் கருதியது, செந்நிற இழைகளால் நெய்யப்பட்டிருப்பது அப்போது தெரியும். நீல ஒளி உயிரணுவுக்குக் கெடுதி செய்வதால் சில நொடிகளுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம்.

டைம்லாப்ஸுக்கு நான் எதிரியல்லன். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஜப்பானின் தேசியத் துருவ ஆய்வு நிறுவனத்தினர் 1983இல் அண்டார்டிகாவில் சேகரித்த பாசியை மைனஸ் 20 டிகிரியில் வைத்திருந்து, 2014இல் உருக்கிப் பார்த்தபோது, அதிலிருந்த ஒரு நீர்க்கரடி முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறைவிலிருந்து மீண்டது. முதலில் கால்களில் மிக மெல்லிய அசைவு. தவழ்வதற்கு ஒன்பதாம் நாள் ஆயிற்று. பாசியைத் தின்னத் தொடங்கியது பதின்மூன்றாம் நாள். பின்னர் அது 19 முட்டைகள் இட, 14 பொரிந்தன. அந்த மீட்சியை ஒரு நிமிடத்தில் சுருக்கிக் காட்டலாம்தான். ஆனால் அந்த இரண்டு வாரத் தாமதமே அதன் சாரம். அதை மறைத்துவிட்டால், உறைவதும் மீள்வதும் அந்த உயிருக்கு எளிதானது என்ற தவறான எண்ணம் விதைக்கப்பட்டுவிடும். ஆகவே வேகமாக்கிய ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் எத்தனை மடங்கு என்பதையும், எல்லாக் காட்சிகளிலும் அளவுகோல் கோட்டையும் வெப்பநிலையையும் எழுதுங்கள். அந்த எண்கள் படத்தின் அழகைக் கெடுக்கும் என்று தயாரிப்பாளர் சொன்னால், அந்த மூன்று எண்களும்தான் இந்தக் காட்சியைக் குளத்து நீர்க் காட்சியிலிருந்து வேறுபடுத்துகின்றன என்று விடை சொல்லுங்கள்.


மறுமொழி: நிழற்பெட்டி

இதில் ஓரளவு மாறுபடுகிறேன். எல்லாச் சட்டகங்களிலும் எண்கள் இருந்தால் கண் எண்களையே தேடும். காட்சியின் தொடக்கத்தில் சில நொடிகள் தெளிவாகக் காட்டி, பின்னணிக் குரலிலும் ஒருமுறை சொன்னால் போதும் என்பது என் கருத்து. ஆனால் வேகம் மாறும் இடத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பதில் குளிரறை அவர்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ரோட்டிஃபர் அட்டையைப் போல உடலை நீட்டிச் சுருக்கி நகர்வதையும், ஓரிடத்தில் காலை ஊன்றித் தலையை விரித்துச் சக்கரங்களைத் திறப்பதையும் உண்மை வேகத்திலேயே, வெட்டாமல், நீண்ட காட்சியாக ஒருமுறையாவது வையுங்கள். அதற்குப் பொறுமை உள்ள பார்வையாளர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.


மறுமொழி: மைத்ரி வாசி

இந்திய அண்டார்டிகா பயணத்தில் பங்கேற்றவன் என்ற முறையில் அனுமதிகளைப் பற்றிச் சில சொற்கள்.

அண்டார்டிகாவில் சுற்றுச்சூழலைக் காப்பதற்கான 1991ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறைப்படி மாதிரி எடுப்பதற்கே அனுமதி தேவை. மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில், மண்ணிலுள்ள நூற்புழுக்களின் வாழ்விடம் கலையாதிருக்க, நடக்கும் தடத்துக்கும் விதியுண்டு. மனிதக் கழிவு உட்பட எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஸ்வால்பார்டின் விதிகள் வேறு என்றாலும் நோக்கம் ஒன்றே. எந்த ஆய்வுக் குழுவோடு இணைந்து செல்கிறீர்களோ அவர்களின் அனுமதிக்குள் உங்கள் மாதிரிகளும் அடங்குமாறு முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். படத்துக்குத் தேவைப்படுவது சில கரண்டி வண்டல்தான்; ஒரே குழியைச் சுரண்டிக் காலி செய்யாமல் பல குழிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுக்கலாம். படம் முடிந்த மாதிரியை வேறொரு பனியாற்றிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். ஒரு பனியாற்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது காலணியையும் துளிசொட்டியையும் கழுவி உலர்த்துவது அவசியம். குடியிருப்பைத் தாண்டினால் பனிக்கரடியை விரட்டும் சாதனங்களோடு, பயிற்சி பெற்ற ஒருவர் உடன் வர வேண்டும். படப்பிடிப்பில் எல்லோரும் குனிந்து குழியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால், அவர் வேறெந்த வேலையும் செய்யாமல் சுற்றுப்புறத்தை மட்டுமே கவனிக்கட்டும்.

நீ-ஓலசுண்டில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இயங்கி வருகிறது. கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அதை நடத்துகிறது. அங்கு கோடையில் வரும் ஆய்வாளர்களிடம் பேசினால் தமிழிலேயே விளக்கம் கிடைக்கக்கூடும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் துருவப் பகுதிக்கென உருவாக்கிய தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கிக் கருவி, அண்டார்டிகாவிலுள்ள இந்தியாவின் மைத்ரி நிலையத்தை ஒட்டிய பிரியதர்ஷினி ஏரியில் இறக்கப்பட்டிருக்கிறது. குழல் லென்ஸைப் பனிநீருக்குள் இறக்கும் வேலையில் நீர்ப்புகாமை, கம்பிவட இணைப்பு போன்றவற்றில் அவர்களின் அனுபவம் மதிப்புள்ளது.


மறுமொழி: வடமுனை

மிக்க நன்றி. மாதிரி அனுமதியை எழுத்தில் பெறும் வேலையை இன்றே தொடங்குகிறேன். எண்களைத் தொடக்கத்திலும் வேக மாற்றத்திலும் காட்டுவது என்றும், மின்னணு நுண்ணோக்கிப் படத்தை ஒரே ஒருமுறை, வண்ணமின்றிப் பயன்படுத்துவது என்றும் குழுவில் முடிவு செய்துள்ளோம். கடைசியாக ஒன்று: நுண்ணுயிர்க் காட்சிகளுக்கு ஒலி எப்படி அமைப்பது? இழுபடும் ஓசை, மெல்லும் ஓசை போன்றவற்றை ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. குழியில் நீரொலி வாங்கியை இறக்கிப் பதிவு செய்து, கம்பியில்லா முறையில் சற்றுத் தள்ளியிருந்து கேட்கலாம் என்று நினைக்கிறேன்.


மறுமொழி: நிழற்பெட்டி

நீரொலி வாங்கி மிகச் சரியான தேர்வு. பனியாற்றுப் பனிக்குள் அழுத்தத்தோடு சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள், பனி உருகும்போது வெடித்து வெளியேறுகின்றன. நீருக்கடியில் அது இடைவிடாத பொரிதலாகக் கேட்கும். நீர்க்கரடி வாழும் இடத்தில் உண்மையிலேயே இருக்கும் ஒலி அதுவே என்பதால், அக்காட்சிகளுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இசையையும் அங்கே தவிர்த்துவிடலாம்.

ஆனால் கம்பியில்லா முறையை மறந்துவிடுங்கள். நீ-ஓலசுண்டில் குவேசார்கள் என்னும் மிகத் தொலைவான, பிரகாசமான விண்பொருள்களின் ரேடியோ அலைகளைப் பெற்று புவியின் அசைவை அளக்கும் நிலையம் இருப்பதால், அச்சுற்றுப்பகுதியில் வைஃபை, புளூடூத் உள்ளிட்ட கருவிகளுக்குத் தடை உண்டு. கம்பியில்லா மைக், கம்பியில்லாத் திரை, தொலைபேசியிலிருந்து இயக்கும் கேமரா, டிரோன் ஆகிய யாவும் இதில் அடங்கும். விதிவிலக்கு வேண்டுமானால் முன்னதாகவே விண்ணப்பித்துப் பெற வேண்டும். எல்லாக் கருவிகளிலும் கம்பியில்லா இணைப்பை ட்ரோம்சோவிலேயே அணைத்துச் சோதித்துவிட்டு, குளிரில் விறைத்து முறியாத சிலிகான் உறையிட்ட கம்பிவடங்களைத் தேவைக்கு இரு மடங்காகக் கொண்டுசெல்லுங்கள்.